நீர் இறங்கிச்சா?

சாயந்திரம் நாலு மணி ஆனால் நாகர்கோவில் ஆஸ்பத்திரி வாசல்களில் கூட்டம் சேரத் தொடங்கும். தூக்குவாளியில் கஞ்சி, பிளாஸ்கில் சுக்குக்காப்பி, பையில் இரண்டு கருக்கு (இளநீர்), ஒரு சீப்பு ரசகதலிப் பழம். ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவரைச் சுற்றி நின்று சொந்தபந்தம் கேட்கும் கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றேதான். வலி எப்படி இருக்கு? தையல் எத்தனை? கஞ்சி எப்போ குடுக்கச் சொன்னாங்க? வீட்டுக்கு எப்போ விடுவாங்க? இவ்வளவு பேர் வந்து போனாலும் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. அது வார்டு சிஸ்டருடைய கேள்வி: "யூரின் போனீங்களா?"

படுத்திருப்பவர் பெரும்பாலும் சட்டென்று தலையாட்டிவிடுவார். அந்தத் தலையாட்டலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, சிறுநீர்ப்பை நிறைந்திருந்தும் நீர் பிரியாமல் நின்றுபோவது அபூர்வமான சங்கதி இல்லை. 100 பேரில் 5 பேருக்கு என்று சொல்லும் மருத்துவ ஆய்வும் உண்டு, 70 பேருக்கு என்று சொல்லும் ஆய்வும் உண்டு. என்ன அறுவை, என்ன வயது, எந்த மயக்க மருந்து, எத்தனை மில்லி தேங்கினால் கணக்கில் சேர்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறுகிறது. மூலத்துக்கான அறுவை, ஹெர்னியா, கர்ப்பப்பை எடுப்பது, மூட்டு மாற்று ஆகியவற்றில் இது அதிகம். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் அன்றாடம் நடக்கிற ஆபரேஷன்கள்தான் இவை எல்லாம். பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு நாளில் தானாகச் சரியாகிவிடும். கவனிக்காமல் விட்ட சிலருக்கு மட்டும், நன்றாக முடிந்த ஆபரேஷனின் நினைவே கசந்துபோகும்.

என் தாய்மாமா ஒருவர் தோவாளைப் பக்கம் வயல் பார்த்தவர். எழுபதை நெருங்கும்போது ஹெர்னியாவுக்கு அறுவை செய்துகொண்டார். காலையில் முதுகில் மரப்பு ஊசி, மதியத்துக்குள் வார்டு. பயிற்சிக்கு வந்திருந்த இளம் நர்ஸ் வந்து, "அப்பா, யூரின் போனீங்களா?" என்று கேட்டார். "போச்சு மக்களே, போச்சு" என்றார் மாமா. அந்தப் பிள்ளையும் நோட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டது. இருட்டும் நேரம் மாமாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. போர்வையைப் பிடித்துக் கசக்கினார், வேர்த்தது, ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. தையல் வலிதான் என்று எல்லோரும் நினைத்தோம், வலிக்கு ஊசியும் போடப்பட்டது. அத்தை தன் பங்குக்குப் பார்லித் தண்ணியை டம்ளர் டம்ளராகக் குடிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

இரவு டியூட்டிக்கு வந்த மூத்த சிஸ்டர் போர்வையை விலக்கி, அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். தொப்புளுக்குக் கீழே உருண்டையாக, கல்போல் இறுகி நின்றது. "அப்பா, உண்மையச் சொல்லுங்க. நல்லாப் போச்சா, சொட்டுச் சொட்டாப் போச்சா?"

"சொட்டுச் சொட்டாட்டு போவுதுல்லா, பொறவென்ன?" என்றார் மாமா.

டாக்டர் வந்தார், குழாய் போட்டார்கள். பையில் 1,100 மில்லி இறங்கியது. அது இறங்க இறங்க மாமாவின் முகத்தில் தசைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மறுநாள் அத்தை கோபமாகக் கேட்டபோது அவர் சொன்ன பதில் இவ்வளவுதான்: "பேத்தி வயசுள்ள பிள்ளகிட்ட இத எப்படிச் சொல்லுகது?"

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழகத்தின் முதல் மாவட்டம் கன்னியாகுமரி. படிப்புக்கு இங்கே குறைவில்லை. சர்க்கரை அளவை, கொலஸ்டிரால் அளவைப் பத்திரிகை படிப்பதுபோல் ஒப்பிக்கும் பெரியவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஆனால் இந்த ஒன்றைச் சொல்ல மட்டும் நாக்கு எழுவதில்லை. கூச்சம் நமக்கு மட்டும் உரியதும் இல்லை. டைக்கோ பிராஹே என்ற புகழ்பெற்ற வானியலாளர் 1601 அக்டோபரில் பிராக் நகரில் ஒரு பெரிய மனிதர் வீட்டு விருந்துக்குப் போனார். பாதியில் எழுந்து போவது மரியாதைக் குறைவு என்று சிறுநீரை அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வீடு திரும்பியபின் நீர் சரியாகப் பிரியவே இல்லை. பதினோரு நாளில் இறந்துபோனார். விஷம் வைத்துவிட்டார்கள் என்ற பேச்சு நானூறு ஆண்டுகள் ஓடியது. 2010-ல் அவர் உடலைத் தோண்டி எடுத்துச் சோதித்தவர்கள், பாதரச விஷத்தால் அவர் சாகவில்லை என்று முடிவு சொன்னார்கள். அவருக்கு நடந்தது அறுவைக்குப் பிந்தைய சிக்கல் அல்லதான். ஆனாலும் சிறுநீர்ப்பை மரியாதை பார்க்காது என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி எனக்குத் தெரியவில்லை.

ஏன் நின்றுபோகிறது? சிறுநீரகம் ஓய்வில்லாமல் நீரை இறக்கிக்கொண்டே இருக்கும். பெரியவர் ஒருவருக்கு மணிக்கு சுமார் 60 மில்லி, கையில் டிரிப் ஓடினால் அதற்கும் மேல். சிறுநீர்ப்பையில் 150, 200 மில்லி சேரும்போது 'போகணும்' என்ற உணர்வு முதலில் தட்டும். 400, 500 ஆகும்போது அடக்க முடியாது. அந்த உணர்வை மூளைக்குக் கொண்டுபோவதும், பையைச் சுருக்கி வாயைத் திறக்கச் சொல்வதும் முதுகுத்தண்டின் கடைசிப் பகுதியிலிருந்து வரும் நரம்புகள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போடும்போது, அந்த நரம்புகளும் சேர்ந்து உறங்கிவிடுகின்றன. இதிலே கவனிக்க வேண்டிய விஷயம், கால் விழிப்பதற்கும் பை விழிப்பதற்கும் இடையில் இருக்கும் நேரம். காலை அசைக்க முடிந்துவிட்டால் மரப்பு முழுதும் போய்விட்டதாக நாம் நினைக்கிறோம். சிறுநீர்ப்பையின் நரம்புகள் கடைசியில்தான் எழும். வழக்கமாகப் போடும் மருந்துக்கு ஊசி போட்டதிலிருந்து ஆறு முதல் எட்டு மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை பை நிறைந்தாலும் வலி தெரியாது, முட்டுவதும் தெரியாது. ஒரு லிட்டர் தேங்கியிருக்கும், நோயாளி ஃபோன் பார்த்துக்கொண்டிருப்பார்.

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. குளம் நிறைந்துவிட்டது, மடைப்பலகை இறுகிப்போய்த் திறக்க மாட்டேன் என்கிறது. அப்போது பேச்சிப்பாறைக் கால்வாயிலிருந்து இன்னும் தண்ணீர் விட்டால் என்ன ஆகும்? கரைதான் பலவீனமாகும். அத்தை கொடுத்த பார்லித் தண்ணி செய்தது அதைத்தான். நீர் பிரியவில்லை என்றதும் நம் வீடுகளில் முதலில் எடுப்பது கருக்கு, பார்லி, வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் கஷாயம், சிறுபீளை. இவை நீர் குறைவாகச் சுரக்கிறவருக்கோ கல்லடைப்புக்கோ என்று பழக்கத்தில் வந்தவை. அறுவை முடிந்த அன்று பை நிறைந்து வாய் திறக்காதவருக்கு இவற்றைக் கொடுத்தால் தேக்கம்தான் கூடும். அன்பினால் செய்வதுதான், தெரியாமல் செய்வதுதான். ஆனால் நிறுத்த வேண்டிய முதல் காரியம் இது. டாக்டரைக் கேட்காமல் அன்றைக்கு எந்தக் கஷாயமும் உள்ளே போகக்கூடாது.

மரப்பு ஊசி மட்டும் காரணம் இல்லை. மார்பின், ஃபென்டனில், டிரமடால் போன்ற வலிமருந்துகள் பையின் தசையைச் சோம்ப வைக்கும். எச்சில் ஊறாமல் இருக்கவும் இதயத்துடிப்பு இறங்காமல் இருக்கவும் தியேட்டரில் போடும் அட்ரோபின், கிளைகோபைரோலேட் மருந்துகளும் அப்படியே. மூலத்தில் கத்தி பட்டால் ஆசனவாய்த் தசை இறுகும், அதோடு சேர்ந்து சிறுநீர் வாயும் இறுகும். ஐம்பது தாண்டிய ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம் ஏற்கெனவே பாதி வழியை அடைத்திருக்கும். 'ராத்திரி ரெண்டு தடவை எழும்புவேன், அது வயசுக்கு உள்ளதுதானே' என்று அவர்கள் அதை டாக்டரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். வருஷக்கணக்காகச் சர்க்கரை இருப்பவருக்கு நரம்பு மந்தமாகி, பை நிறைவதே தெரியாமல் இருக்கலாம். மலச்சிக்கலும் பக்கத்திலிருந்து அழுத்தும். ஜலதோஷத்துக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகள்கூடச் சிறுநீர் வாயை இறுக்கும். ஆபரேஷனுக்கு முந்தைய நாள் அப்படி ஒன்றை விழுங்கியிருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும்.

இவை எதையும்விடக் குறைவாகப் பேசப்படுவது இடமும் நிலையும். ஐம்பது, அறுபது வருஷம் நின்றுகொண்டோ குத்தவைத்தோ பழகிய உடம்பை மல்லாக்கப் படுக்கவைத்து, இடுப்புக்கடியில் தகரப் பாத்திரத்தைச் செருகி, பக்கத்துக் கட்டிலில் ஒரு குடும்பமே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, 'போங்க' என்றால் போகுமா? பயமும் கூச்சமும் இருக்கும் வரை வாய்த் தசை தளராது. அது மனசின் பலவீனம் அல்ல, உடம்பின் அமைப்பே அப்படி.

பெண்கள் விஷயம் இன்னும் கஷ்டம். கர்ப்பப்பை எடுக்கும்போது பையை ஒட்டியே கத்தி போவதால் அதன் நரம்பும் தசையும் சிலகாலம் அதிர்ந்து கிடக்கும். சுகப்பிரசவம் ஆன பெண்ணுக்கும் இது வரும். குழந்தையின் தலை நெடுநேரம் அழுத்தியதாலும், தையல் போட்ட இடத்தில் எரியுமே என்ற பயத்தாலும் நீர் நிற்கும். பிள்ளை பெற்றவள் ஆறு மணி நேரத்துக்குள் நன்றாகச் சிறுநீர் கழித்தாளா என்று பார்க்க வேண்டும். பிள்ளையைக் கொஞ்ச வருகிற கூட்டத்தில் தாயின் வயிறு வீங்கி நிற்பது யார் கண்ணிலும் படுவதில்லை. மாமியாரும் நாத்தனாரும் நிற்கும்போது அந்தப் பெண் வாய் திறக்கவும் மாட்டாள். அவளிடம் தனியாகக் கேட்க ஒரு அக்காவோ அம்மாவோ வேண்டும்.

இத்தனைக்கும் அறுவைச் சிகிச்சை இந்த மண்ணுக்குப் புதிதில்லை. லண்டன் மிஷன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் ராம்சே நெய்யூரில் வைத்தியம் தொடங்கியது 1838-ல். அப்போது இது திருவிதாங்கூர் ராஜ்யம். 1922-ல் எவரெஸ்ட் ஏறப்போன குழுவில் இருந்த இளம் அறுவை மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல், திரும்பும் வழியில் நெய்யூர் ஆஸ்பத்திரியைப் பார்க்க வந்தார். ஒரே ஒரு மருத்துவர் நோயாளிக் கூட்டத்துக்கு நடுவே நின்று திணறுவதைப் பார்த்தார். லண்டனில் காத்திருந்த வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்து சேர்ந்தார். 1924-ல் மறுபடி எவரெஸ்டில் ஆக்சிஜன் இல்லாமல் ஏறக்குறைய 28,000 அடி வரை போனவர், மீண்டும் நெய்யூருக்கே வந்து இருபது வருஷத்துக்கு மேல் வயிற்றுப்புண்ணுக்கு அறுவை செய்தார். நாகர்கோவிலில் சால்வேஷன் ஆர்மியின் கேதரின் பூத் ஆஸ்பத்திரியும் நூறாண்டு கடந்தது. ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2001-ல் வந்தது. அறுவைக்கு ஏங்கிக் கிடந்த ஊர் இல்லை இது.

சாமர்வெல் நெய்யூரில் சேர்ந்த காலத்தில், இன்று நாம் எல்லா வார்டிலும் பார்க்கிற பலூன் வைத்த சிறுநீர்க் குழாய் உலகத்தில் எங்குமே கிடையாது. உடம்பின் வழிகளில் செலுத்தும் குழல் வடிவக் கருவிகளைச் சுசுருத சம்ஹிதை பேசுகிறது. 1752-ல் பெஞ்சமின் பிராங்க்ளின், சிறுநீர்ப்பைக் கல்லால் அவதிப்பட்ட தன் அண்ணன் ஜானுக்காக வளையும் வெள்ளிக் குழாய் ஒன்றைச் செய்வித்து அனுப்பினார். பிறகு ரப்பர் வந்தது. ஆனால் உள்ளே போட்ட குழாய் நழுவாமல் இருக்க வெளியே ஒட்டியோ கட்டியோதான் வைக்க வேண்டும். ஃபிரெடரிக் ஃபோலி என்ற அமெரிக்கச் சிறுநீரக அறுவை மருத்துவர் 1930-களில் குழாயின் நுனியருகே ஒரு சின்னப் பலூனை வைத்தார். உள்ளே போனபின் அதில் தண்ணீர் ஏற்றினால் அது பையின் அடியில் உட்கார்ந்து குழாயைப் பிடித்துக்கொள்ளும். இன்றைக்கும் கேஸ் ஷீட்டில் 'ஃபோலிஸ்' என்று எழுதுவது அவர் பெயரைத்தான். அதில் 14, 16 என்று எழுதியிருப்பது குழாயின் பருமன். பாரிஸில் கருவிகள் செய்த ஷாரியே வகுத்த அளவு அது. ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. 16 என்றால் ஐந்து மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். 'டியூப்' என்று கேட்டதும் தோட்டத்து ஹோஸைக் கற்பனை செய்து பயப்படுகிறவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

குழாய்க்கு முன்னால் செய்து பார்க்க வேண்டியவை உண்டு. டாக்டர் எழுந்திருக்கலாம் என்று சொல்லிவிட்டால், சிஸ்டரோ வீட்டு ஆளோ பிடித்துக்கொள்ள, ஆணாக இருந்தால் கட்டிலோரம் நிற்கவைத்து யூரின் கேனைக் கையில் கொடுங்கள். பெண்ணாக இருந்தால் கழிவறைக்கு நடத்திக்கொண்டு போங்கள், நடக்க முடியாவிட்டால் கமோட் நாற்காலி போடச் சொல்லுங்கள். மரப்பு முழுதும் விடாத காலோடு தனியாக எழுந்து விழுந்தவர்கள் உண்டு, அதனால் துணை கட்டாயம். திரையை இழுத்து மூடிவிட்டு, நிற்கிறவர்களை எல்லாம் வெளியே அனுப்புங்கள். தண்ணீர்க் குழாயைத் திறந்து நீர் விழும் சத்தம் கேட்கவிடுவதும், இளஞ்சூட்டுத் தண்ணீரை மெல்ல ஊற்றுவதும் பாட்டிமார் வைத்தியம்போலத் தோன்றினாலும் வார்டுகளில் காலங்காலமாகச் செய்வதுதான். செலவில்லை, ஊறில்லை, சிலருக்குக் கை கொடுக்கும். தையல் இருக்கிற வயிற்றோடு முக்கவே கூடாது. அடிவயிற்றைப் பிறர் அமுக்கவும் கூடாது. வலி அதிகமாக இருந்தால் சொல்லுங்கள், வலி குறைந்தாலே பலருக்கு நீர் இறங்கும்.

இதற்கெல்லாம் காலக்கெடு உண்டு. அறுவை முடிந்து ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் ஒரு தடவையாவது தாராளமாகப் போயிருக்க வேண்டும். 'தாராளமாக' என்பதை அழுத்திச் சொல்கிறேன். பை ததும்பி வழிகிறபோது வருவதும் சிறுநீர்தான். மாமாவுக்கு வந்ததும் அந்த வழிசல்தான். அரை மணிக்கு ஒரு தடவை 20, 30 மில்லி போகிறது என்றால் அது நல்ல சகுனம் இல்லை, அபாய அறிவிப்பு. ஆகவே கேனில் பிடித்து, அதன் பக்கவாட்டில் இருக்கும் கோட்டைப் பார்த்து, எத்தனை மில்லி என்று சிஸ்டரிடம் சொல்லுங்கள். 'போச்சு' என்ற ஒரு வார்த்தை யாருக்கும் உதவாது. வயதானவர் திடீரென்று பிதற்றினால், கையை காலை ஆட்டிக் கட்டிலைவிட்டு இறங்கப் பார்த்தால், மயக்க மருந்தின் மிச்சம் என்று விட்டுவிடாமல் அடிவயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

தேங்கியிருக்கிறதா, சுரக்கவே இல்லையா என்பதைக் கையால் மட்டும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ரத்தம் அதிகம் போனதாலோ உடம்பில் நீர் வற்றியதாலோ சிறுநீர் சுரப்பதே குறைந்திருக்கலாம். அது வேறு ஆபத்து, அதற்கு வேறு சிகிச்சை. வயிற்றின் மேல் ஸ்கேன் வைத்தால் இரண்டு நிமிஷத்தில் அளவு தெரிந்துவிடும். 500, 600 மில்லிக்கு மேல் தேங்கி மணிக்கணக்கில் நின்றால் பையின் தசைநார்கள் இழுபட்டுப் பலம் இழக்கும். அந்தப் பலம் திரும்ப நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் ஆகும். அபூர்வமாகத் திரும்பாமலே போவதும் உண்டு. ஆறு முதல் எட்டு மணி நேரக் கணக்கை நான் இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

குழாய் போட வேண்டும் என்று டாக்டர் சொன்னால் மறுக்காதீர்கள். மரத்துப்போகும் ஜெல்லி தடவித்தான் செலுத்துவார்கள். ஆண்களுக்குப் புராஸ்டேட்டைத் தாண்டும் இடத்தில் ஒரு நொடி எரிச்சலாக இருக்கும். மூச்சை நீளமாக விட்டு, தொடையைத் தளர்த்திக்கொண்டால் எளிதாகப் போகும். சிலருக்கு ஒரே ஒரு தடவை வடித்துவிட்டு அப்போதே எடுத்துவிடுவார்கள். அதிகம் தேங்கி இருந்தவருக்குத் தசை ஓய்வெடுக்க சில நாள் வைத்திருப்பார்கள். தேவைக்கு மேல் ஒரு நாள்கூட அது இருக்கவும் கூடாது. குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமி ஏறும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் கூடுகிறது. 'இது எதுக்கு இருக்கு, எப்போ எடுப்பீங்க?' என்று தினமும் கேட்பது நோயாளியின் உரிமை. எந்த நல்ல டாக்டரும் அதற்குக் கோபப்பட மாட்டார்.

புராஸ்டேட் வீக்கம் இருக்கும் ஆண்களுக்கு டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம் மாத்திரையைக் குழாய் எடுப்பதற்கு முன்பே தொடங்குவார்கள். பையின் வாய்த் தசையைத் தளர்த்துகிற மருந்து அது. படுத்திருந்து சடக்கென்று எழுந்தால் தலை சுற்றும், ஆகவே ஒரு நிமிஷம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும். இன்னொன்றும் இங்கே சொல்லிவிட வேண்டும். கண்புரை ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் இந்த மாத்திரையைச் சாப்பிடுகிறார்களா, முன்பு சாப்பிட்டார்களா என்பதைக் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கண்ணின் கருவிழித்திரையை அது தொளதொளக்கச் செய்யும். தெரிந்திருந்தால் அறுவை செய்பவர் முன்னேற்பாடு செய்துகொள்வார்.

குழாயோடு வீட்டுக்கு அனுப்பினால் பயப்பட ஒன்றும் இல்லை, சில பழக்கம் மட்டும் வேண்டும். குழாயில் மாட்டிய பை எப்போதும் இடுப்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், ஆனால் தரையில் கிடக்கக் கூடாது. கட்டில் சட்டத்தில் மாட்டலாம். பஸ்ஸிலும் ஆட்டோவிலும் போகும்போது பையைத் தூக்கி மடியில் வைப்பதைப் பார்த்திருக்கிறேன். வெளியே வந்த நீர் திரும்பவும் உள்ளே போக அதுவே வழி. குழாயைத் தொடையில் பிளாஸ்டரால் ஒட்டிவிட்டால் இழுபடாது. தினமும் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவினால் போதும், டெட்டாலும் மஞ்சளும் வேண்டாம். பையைத் திறப்பதற்கு முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். இந்தக் கட்டத்தில், டாக்டர் தடுக்காவிட்டால், தண்ணீர் நன்றாகக் குடிக்கலாம். வழிதான் திறந்திருக்கிறதே. ஞாபகம் தப்பும் பெரியவர்கள் குழாயைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். உள்ளே பலூன் ஊதியிருக்கும்போது இழுத்தால் சிறுநீர் வழி கிழிந்து ரத்தம் கொட்டும். அவர்களுக்குப் பக்கத்தில் ராத்திரி ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

எடுக்கும் நாளுக்கும் ஒரு முறை இருக்கிறது. பெரும்பாலும் காலையில் எடுப்பார்கள். மறுபடி நின்றுபோனால் பகலிலேயே தெரியட்டும் என்பதற்காக. எடுத்தபின் கழித்த அளவையும் சிறுநீர்ப்பையில் மிச்சம் நிற்கும் அளவையும் பார்ப்பார்கள். மிச்சம் 100, 150 மில்லிக்குள் இருந்தால் நிம்மதி. குழாயை எடுப்பதற்கு முன் அடைத்து அடைத்துத் திறந்து பையைப் 'பழக்குவது' பல வார்டுகளில் வழக்கம். அதனால் தெளிவான பலன் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. முதல் முயற்சியில் போகாவிட்டால் தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம். சில நாள் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்கும்போது பலருக்குச் சரியாகிவிடுகிறது. அப்போதும் ஆகாதவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. 1972-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்து மருத்துவர் ஜாக் லாப்பிடெஸ், நோயாளியே சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டு, மெல்லிய குழாயைத் தானே செலுத்தி, நாளுக்குச் சில தடவை வடித்துவிட்டு எடுத்துவிடலாம் என்று காட்டினார். நிரந்தரமாகக் குழாயை மாட்டிக்கொண்டு திரிவதைவிட அது எவ்வளவோ மேல். கற்றுக்கொள்ளக் கொஞ்சம் பொறுமை போதும். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவரும் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவரும் வேலையை விடாமல் இதைச் செய்யலாம்.

இனி ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களுக்கு. கட்டிலுக்குக் கட்டில் இழுத்து மூடும் திரை, வார்டுக்குள்ளேயே கைப்பிடி வைத்த கமோட், அளவுக்கோடு போட்ட யூரின் கேன், சிறுநீர்ப்பை அளவைக் காட்டும் சின்ன ஸ்கேன் கருவி. முதல் மூன்றும் பெரிய செலவு இல்லை. திரை இல்லாத வார்டில் ஒருவருக்குக் குழாய் போடுவது, திரை வாங்காததற்கு அவர் உடம்பில் தண்டம் வசூலிப்பதுதான். நாடி, காய்ச்சல், ரத்த அழுத்தம் எழுதும் சார்ட்டில் சிறுநீர் எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி என்ற கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. அரசு ஆஸ்பத்திரியோ மிஷன் ஆஸ்பத்திரியோ தனியாரோ, இதில் விதிவிலக்கு வேண்டாம். கேட்கிறவர் பயிற்சி நர்ஸாக இருந்தால், ஆண் நோயாளியிடம் எப்படிக் கேட்பது, எப்படித் தொட்டுப் பார்ப்பது என்று மூத்தவர்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும். 'போனீங்களா' என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். 'எத்தனை மணிக்கு, எவ்வளவு' என்று கேட்டால் உண்மை வரும்.

ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருக்கிறவர்கள் முந்தைய நாளே டாக்டரிடம் இவற்றைச் சொல்லுங்கள்: ராத்திரி எத்தனை தடவை எழுகிறீர்கள், நீர் மெலிந்து போகிறதா, முன்பு எப்போதாவது நின்றுபோயிருக்கிறதா, சர்க்கரை எத்தனை வருஷம், என்னென்ன மாத்திரை. மலச்சிக்கல் இருந்தால் அதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். ஹெர்னியா போன்றவற்றில் அந்த இடத்தை மட்டும் மரக்கச்செய்து அறுவை செய்ய முடியுமா என்றும் கேட்கலாம். அப்படிச் செய்யும்போது நீர் நிற்பது குறைவு. அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பும் ஆபரேஷன் என்றால், கீரிப்பாறையிலோ குளச்சலிலோ நடுராத்திரியில் நீர் நின்றால் யாரைக் கூப்பிடுவது என்ற எண்ணை எழுதி வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள். 104-ல் ஆலோசனை கேட்கலாம், ஆம்புலன்ஸுக்கு 108. குளிர்காய்ச்சல் வந்தாலோ, ரத்தம் கட்டிகட்டியாக வந்தாலோ, குழாய் இருந்தும் அதில் மாட்டிய பையில் நீர் இறங்காமல் வயிறு வீங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முதுகில் ஊசி போட்டு நாளாகியும் கால் பலம் குறைந்தே இருந்தால், ஆசனவாயைச் சுற்றி மரப்பு நீங்காமல் இருந்தால், அது நரம்பு அழுத்தப்படுவதன் அடையாளமாக இருக்கலாம். மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய அவசரம் அது.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குச் சொந்தக்காரரைப் பார்க்கப் போகும்போது கருக்கும் பழமும் கொண்டுபோங்கள். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, 'நீர் இறங்கிச்சா? எத்தனை மணிக்கு? எவ்வளவு?' என்றும் கேளுங்கள். இல்லை என்று சொன்னால், அல்லது பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பினால், உடனே போய் சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.